லிஃப்ட் போட்டதால் மைலேஜ் போனதா, கூட மாட்டியதால் போனதா? கணக்கோடு பேசுவோம்

#1 | செம்மண்

வணக்கம். விவரத்தை முழுசாகச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கேள்வி.

வண்டி லேடர் ஃபிரேம் (ஏணி மாதிரியான சட்டத்தின் மேல் பாடி) டீசல், மேனுவல் கியர், பார்ட் டைம் 4×4 (வேண்டும்போது மட்டும் நான்கு சக்கரமும் இழுக்கும்). முன்னால் தனித்தனி சஸ்பென்ஷன், பின்னால் ஹவுசிங் ஆக்ஸிலும் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒற்றை அச்சு) காயில் ஸ்பிரிங்கும். எடை ஏறக்குறைய இரண்டு டன். கம்பெனி டயர் 245/70 ஆர்16. நெடுஞ்சாலையில் மீட்டர் 100ஐ ஒட்டி ஓட்டினால் லிட்டருக்கு 12.5 கிடைத்துக்கொண்டிருந்தது.

இப்போது 50 மில்லிமீட்டர் லிஃப்ட் (வண்டியை உயர்த்த ஸ்பிரிங்கும் ஷாக்கும் மாற்றியது, வெறும் ஸ்பேசர் இல்லை), 265/75 ஆர்16 ஆல் டெரெய்ன் டயர் (தாருக்கும் மண்ணுக்கும் பொதுவானது), மேலே இரும்புக் கேரியர், அதன் முன்விளிம்பில் நீளமான எல்இடி பார். எல்லாம் ஒரே சமயத்தில் மாட்டியவை. அதே சாலையில், மீட்டரில் அதே வேகத்தில் ஓட்டினால் இப்போது லிட்டருக்கு 10தான்.

பார்க்கிறவர்கள் எல்லாம் "லிஃப்டைக் கழற்று" என்கிறார்கள். எனக்கு அந்த உயரம் வேண்டும். பாறை வழியில் டேங்க் கார்டு தட்டாமல் போவதற்காகத்தான் போட்டேன். இந்த 20 சதவீதத்தில் லிஃப்டின் பங்கு எவ்வளவு, மற்றவற்றின் பங்கு எவ்வளவு என்று யாராவது பிரித்துக் காட்ட முடியுமா?

#2 | டயர் பித்தன்

நண்பரே, லிஃப்ட்தான் முதல் ஆள். வண்டி உயர்ந்தால் அடியில் நுழையும் காற்று அதிகம். ஆதாரம் வேண்டுமா? ராம் 1500 பிக்கப்பில் ஏர் சஸ்பென்ஷன் எடுத்தால் 'ஏரோ மோட்' என்று ஒன்று வரும். நெடுஞ்சாலை வேகத்தில் வண்டி தானாகவே 15 மில்லிமீட்டர் இறங்கும். கம்பெனிக்காரன் 15 மில்லிமீட்டருக்கே இவ்வளவு மெனக்கெடுகிறான். நீங்கள் 50 மில்லிமீட்டர் ஏற்றியிருக்கிறீர்கள்.

#3 | மலைப்பாதை

செம்மண், யார் மேலும் பழி போடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி. அந்த 10 என்கிற எண் எங்கிருந்து வந்தது? வண்டித் திரையில் காட்டியதா, டேங்க் நிரப்பிக் கணக்கிட்டதா? எதுவானாலும் அதில் ஓடோமீட்டர் நுழைந்திருக்கும்.

டயர் அளவைப் பாருங்கள். 245/70 ஆர்16 (அகலம் 245 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 70 சதவீதம், ரிம் 16 அங்குலம்) என்றால் விட்டம் சுமார் 749 மில்லிமீட்டர். 265/75 ஆர்16 சுமார் 804. புது டயர் ஒரு சுற்றுச் சுற்றினால் பழையதைவிட 7.3 சதவீதம் கூடுதல் தூரம் போகிறது. வண்டிக்கு அது தெரியாது, பழைய டயர் சுற்றுகிறது என்றே எண்ணிக்கொண்டிருக்கும். ஓடோமீட்டர் 500 கிலோமீட்டர் காட்டும்போது நீங்கள் உண்மையில் 536 போயிருப்பீர்கள்.

ஆகவே உங்கள் 10ஐ 1.073ஆல் பெருக்குங்கள். 10.7 வரும். 20 சதவீத இழப்பு ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல் 14 சதவீதமாகிவிட்டது.

#4 | செம்மண்

டேங்க் நிரப்பிக் கணக்கிட்டதுதான் அக்கா, திரையை நம்பவில்லை. தூரத்துக்கு மட்டும் ஓடோமீட்டரை எடுத்துக்கொண்டேன். ஆக உண்மைக் கணக்கு 10.7. மீதி 14 சதவீதம்?

#5 | கணக்குப்பிள்ளை

மலைப்பாதை சொன்னதிலேயே இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. இழையில் யாரும் இன்னும் தொடவில்லை, ஆனால் இதுதான் பெரியது என்பது என் கருத்து. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓடோமீட்டர் 7.3 சதவீதம் குறைத்துக் காட்டினால் ஸ்பீடோமீட்டரும் அதே அளவு குறைத்துத்தான் காட்டும். "அதே மீட்டர் வேகத்தில்" ஓட்டினேன் என்று செம்மண் சொல்கிறார். மீட்டரில் அதே வேகம் என்றால் சாலையில் 7.3 சதவீதம் கூடுதல் வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும். 1.073ஐ 1.073ஆல் பெருக்கினால் 1.15. அதாவது வண்டியின் வடிவத்தில் ஒரு மாற்றமும் செய்யாமல், டயர் மாற்றிய ஒரே காரணத்தால், காற்றின் எதிர்ப்பு 15 சதவீதம் ஏறிவிட்டது.

எண்ணில் போட்டுப் பார்ப்போம். இரண்டு டன் வண்டி, இழுவைக் கெழு (வண்டியின் வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதன் எண்) 0.45, முகப்புப் பரப்பு 2.8 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். பெட்டி வடிவ 4×4க்கு இது நியாயமான எண்தான். உருளும் எதிர்ப்புக் கெழு (டயர் உருளும்போது தரும் எதிர்ப்பு, எடையில் எத்தனை பங்கு என்பது) சாலை டயருக்கு 0.011, ஆல் டெரெய்னுக்கு 0.014. இவை என் ஊகங்கள், உங்கள் டயருக்குக் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

பழைய நிலை, உண்மையான 100 கிலோமீட்டர் வேகம்: காற்று 583 நியூட்டன், டயர் 216 நியூட்டன். மொத்தம் 799.

புது டயர், உண்மையான 100: காற்று அதே 583, டயர் 275. மொத்தம் 858. ஏற்றம் 7 சதவீதம்.

புது டயர், மீட்டரில் 100, சாலையில் 107: காற்று 671, டயர் 275. மொத்தம் 946. ஏற்றம் 18 சதவீதம்.

கடைசி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டயர் நேரடியாகக் கூட்டியது 59 நியூட்டன். டயர் மாறியதால் தெரியாமலே கூடிய வேகம் கொண்டுவந்தது 88 நியூட்டன். லிஃப்டை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இப்போது லிஃப்ட். 50 மில்லிமீட்டர் ஏற்றினால் பாடியின் பரப்பு கூடுவதில்லை. அதே பெட்டிதான், கொஞ்சம் மேலே நிற்கிறது. புதிதாகக் காற்றுக்கு வெளிப்படுவது டயரின் மேல்பகுதி, கண்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கை), ஃபிரேமின் குறுக்குச் சட்டங்கள், ஹவுசிங். டயர் பித்தன் சொன்னபடி அடியில் போகும் காற்றும் அதிகமாகிறது. லேடர் ஃபிரேமின் அடிப்பாகம் மேடும் பள்ளமுமாக இருப்பதால் அங்கே காற்று சிக்கிச் சுழலும். இதெல்லாம் சேர்ந்து இழுவை 4 சதவீதம் கூடுகிறது என்று வைத்தால், 100இல் 23 நியூட்டன். மொத்தத்தில் ஏறக்குறைய 3 சதவீதம். 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் எதிர்ப்பே 210தான். அப்போது லிஃப்டின் பங்கு 8 நியூட்டன், 2 சதவீதம்கூட வராது.

ஏரோ மோட் உதாரணம் சரியானதுதான். அது வேலை செய்வது நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

#6 | டயர் பித்தன்

கணக்கு ஏற்கும்படிதான் இருக்கிறது. ஆனால் அந்த 4 சதவீதம் ஊகம் என்று நீங்களே சொல்கிறீர்கள். 8 என்று வைத்தால்?

#7 | கணக்குப்பிள்ளை

வையுங்கள். 100இல் 47 நியூட்டன், மொத்தத்தில் 6 சதவீதம். அப்போதும் வேகம் கொண்டுவந்த 88க்குப் பாதிதான். 100 மில்லிமீட்டர், 150 மில்லிமீட்டர் லிஃப்ட் என்றால் கதை வேறு. அங்கே 35 அங்குல டயரும் கூடவே வந்துவிடும், எதையும் பிரித்துப் பார்க்க முடியாது.

கேரியரை மறந்துவிட்டோம். அமெரிக்க எரிசக்தித் துறையின் எரிபொருள் சிக்கனத் தளத்தில் கூரைப் பெட்டிக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். முன்பக்கம் மொட்டையான பெரிய பெட்டியை மேலே வைத்தால் நகரத்தில் 2 முதல் 8 சதவீதம், நெடுஞ்சாலையில் 6 முதல் 17, மணிக்கு 105 முதல் 120 கிலோமீட்டர் வேகத்தில் 10 முதல் 25 சதவீதம் வரை சிக்கனம் குறையும். காலிக் கேரியர் அவ்வளவு தின்னாது. ஆனால் செம்மண் வண்டியில் முன்விளிம்பில் ஒரு எல்இடி பாரும் இருக்கிறது. முன்கண்ணாடியில் ஏறி வரும் காற்று நேராக வந்து மோதும் இடம் அது. ஓட்டும்போது மேலே ஊளைச் சத்தம் கேட்கிறதா?

#8 | செம்மண்

கேட்கிறது. 80க்கு மேல் போனால் விசில் அடிப்பது போல ஒரே சத்தம்.

#9 | கணக்குப்பிள்ளை

அந்தச் சத்தத்துக்கான ஆற்றலும் உங்கள் டேங்க்கிலிருந்துதான் போகிறது. ஒலியாகப் போவது மிகச் சிறிய பங்கு. காற்று அங்கே கிழிபடுகிறது என்பதற்கு அது அடையாளம்.

பாரை எரியவிட்டால் டீசல் போகுமே என்று சிலர் கேட்பார்கள். 180 வாட் பார் என்றால், ஆல்டர்னேட்டரின் இழப்பையும் சேர்த்து எஞ்சினிலிருந்து 300 வாட் போல எடுக்கும். 100இல் போக எஞ்சின் 20 கிலோவாட்டுக்கு மேல் கொடுத்துக்கொண்டிருக்கிறது. எரிவதால் போவது சொற்பம். அது அங்கே நிற்பதுதான் செலவு, இரவானாலும் பகலானாலும்.

#10 | பட்டறைக்காரன்

தம்பிகளா, காற்றுக் கணக்கு போதும். கொஞ்சம் கீழே குனிந்து பாருங்கள்.

லிஃப்ட் போட்ட பிறகு மைலேஜ் போச்சு என்று பட்டறைக்கு வரும் வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது டோ, அதாவது முன்சக்கரங்கள் பார்க்கும் திசை. முன்னால் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டியை உயர்த்தினால் கண்ட்ரோல் ஆர்ம் கீழ்நோக்கிச் சாயும், டை ராடின் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) கோணமும் மாறும், இரண்டு முன்சக்கரங்களும் பார்க்கும் திசை விலகும். ஒரு சக்கரம் ஒரு டிகிரி விலகி நின்றால் என்ன ஆகும் தெரியுமா? ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் ஏறக்குறைய 17 மீட்டர் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்படுகிறது. அந்த இழுவைக்கும் டீசல்தான் செலவு. டயரும் போகும்.

இதைக் கண்டுபிடிக்க மிஷின் வேண்டாம். வண்டியை நிறுத்திவிட்டு முன்டயரின் பட்டன் (தரையைத் தொடும் கட்டைகள்) மேல் உள்ளங்கையை வெளியிலிருந்து உள்ளே தடவுங்கள், அப்புறம் உள்ளிருந்து வெளியே தடவுங்கள். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போய், மறுபக்கம் ரம்பப் பல் மாதிரி கையில் பிடித்தால் டோ தப்பு. கண்ணுக்கு டயர் நன்றாகவே தெரியும், கைக்குத்தான் தெரியவரும். மட் டயரில் கட்டை பெரிது என்பதால் இது சீக்கிரமே வரும்.

அடுத்தது பிரேக். வேலை செய்யும்போது காலிப்பரை அவிழ்த்துத் தொங்கவிட்டிருப்பார்கள். ஸ்லைடு பின்னில் கிரீஸ் இல்லாமல் மாட்டினாலும், பார்க்கிங் பிரேக் கேபிள் நீளம் பற்றாமல் இழுத்துக்கொண்டு நின்றாலும் சக்கரம் லேசாகப் பிடித்தபடியே ஓடும். நேரான சாலையில் பிரேக் அதிகம் மிதிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டி, மெதுவாக நிறுத்தி, நான்கு சக்கரத்தின் சூட்டையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால் அங்கே பிடிக்கிறது. கையை வைத்துப் பார்க்காதீர்கள், டிஸ்க் சுட்டுவிடும்.

மூன்றாவது புரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணம், சிவி ஜாயின்ட் (முன்சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்டின் மூட்டு) கோணம். இதில் மைலேஜ் பெரிதாகப் போகாது. ஆனால் அதிர்வு வரும், ஜாயின்ட்டை மூடும் ரப்பர் பூட் கிழியும், பிறகு செலவு வேறு மாதிரி வரும். 50 மில்லிமீட்டருக்கு மேல் போகிறவர்கள் டிஃப் டிராப் (முன் டிஃபரென்ஷியலைக் கீழிறக்கும் பாகம்) இல்லாமல் போகாதீர்கள்.

 

#11 | மலைப்பாதை

அண்ணன் சொன்னதோடு காற்றழுத்தத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். கம்பெனி டயர் பயணிகள் வண்டி வகை. புது ஆல் டெரெய்ன் பல அளவுகளில் எல்டி (லைட் டிரக்) வகையாக, தடித்த பக்கச்சுவரோடு வரும். அதே சுமையைத் தாங்க எல்டி டயருக்குக் கூடுதல் அழுத்தம் வேண்டும். கதவு ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணையே வைத்தால், கேஜில் சரியாகத் தெரியும், டயருக்கு அது குறைவாக இருக்கும். எரிசக்தித் துறைத் தளத்தில் நான்கு டயரிலும் சராசரியாக ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் 0.2 சதவீதம் சிக்கனம் குறையும் என்று போட்டிருக்கிறார்கள். 8 பிஎஸ்ஐ குறைவு என்றால் 1.6. சின்ன எண் போலத் தெரியும், ஆனால் சரிசெய்யச் செலவே இல்லாத ஒன்று.

சுமைக்கேற்ற அழுத்த அட்டவணையைத் தயாரிப்பாளரிடம் வாங்கிப் பாருங்கள். கையோடு சாக்பீஸ் சோதனையும் செய்யலாம். பட்டன் குறுக்கே இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை தடித்த கோடு போட்டு, நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. முழுக்க ஒரே மாதிரி அழிந்தால் சரி.

#12 | மணல்மேடு

நீங்கள் எல்லோரும் தார்ச்சாலைக் கணக்கு போடுகிறீர்கள். இந்த வண்டிகள் எதற்காக இருக்கின்றனவோ அங்கே கணக்கு தலைகீழ்.

தாரில் உருளும் எதிர்ப்புக் கெழு 0.01 சொச்சம். மெத்து மணலில் 0.2, 0.3 என்று போகும், இருபது முப்பது மடங்கு. அங்கே காற்றின் எதிர்ப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். டயர் எவ்வளவு ஆழம் புதைகிறது என்பதுதான் முழு விஷயம். புதையும் டயர் தனக்கு முன்னால் ஒரு மணல் மேட்டைத் தானே உண்டாக்கி, அதில் தானே ஏறிக்கொண்டே போகிறது. காற்றை 15, 18 பிஎஸ்ஐக்கு இறக்கினால் தடம் நீளும், வண்டி மணல் மேல் மிதக்கும். தாரில் டீசல் தின்னும் குறைந்த காற்று மணலில் டீசலை மிச்சப்படுத்துகிறது. வெளியே வந்ததும் கம்ப்ரஸரை எடுத்து மறுபடி ஏற்றிவிட வேண்டும். 18 பிஎஸ்ஐயோடு நெடுஞ்சாலையில் 90 போவது எரிபொருளுக்கு மட்டுமல்ல, உயிருக்கும் ஆபத்து. பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும்.

அப்புறம் லோ ரேஞ்ச், அதாவது மெதுவாகப் பலத்தோடு இழுக்க 4×4இல் இருக்கும் கூடுதல் கியர் குறைப்பு. ஜீப் ராங்ளர் ரூபிகானில் லோ ரேஞ்ச் 4க்கு 1, மற்ற பல ராங்ளர்களில் 2.72க்கு 1. அதே கியரில் அதே தூரத்துக்கு எஞ்சின் நான்கு மடங்கு சுற்றுகிறது. பாறையில் ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் நகர்வீர்கள். அங்கே லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதில் அர்த்தம் இல்லை, மணிக்கு எத்தனை லிட்டர் என்றுதான் கணக்கு வைக்க வேண்டும். தொலைவான வழிக்குப் போகிறவர்கள் இந்த மணிக்கணக்கை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டீசல் கேன் எத்தனை எடுப்பது என்பதை அதுதான் சொல்லும்.

லிஃப்டும் பெரிய டயரும் அங்கே மிச்சப்படுத்தவும் செய்யும். வயிறு தட்டி நின்று, பின்வாங்கி, மறுபடி மிதித்து ஏறும் வண்டியைவிட ஒரே மூச்சில் தாண்டும் வண்டி குறைவாகவே குடிக்கும்.

#13 | பழைய டீசல்

ஸ்னார்க்கல் (எஞ்சினுக்கான காற்றைக் கூரை உயரத்திலிருந்து எடுக்கும் குழாய்) போட்டால் மைலேஜ் கூடும் என்கிறார்களே, உண்மையா? கூடவே ஹை ஃப்ளோ ஏர் ஃபில்டரும்.

#14 | கணக்குப்பிள்ளை

ஸ்னார்க்கல் தண்ணீருக்கும் தூசிக்கும். மைலேஜுக்காக யாரும் போட வேண்டாம்.

ஃபில்டர் பற்றி ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் சோதனை செய்து வெளியிட்டது. அடைத்துக்கொண்ட ஃபில்டரோடு ஓட்டியும் நவீன ஃப்யூவல் இன்ஜெக்ஷன் வண்டிகளில் எரிபொருள் சிக்கனத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை, வேகம் எடுப்பதில் மட்டுமே வேறுபாடு தெரிந்தது. அடைத்த ஃபில்டரே சிக்கனத்தைக் குறைக்கவில்லை என்றால், விலை கூடிய ஃபில்டர் எதைக் கூட்டப் போகிறது? தூசி வழியில் போகிறவர்களுக்கு நன்றாக வடிகட்டும் காகித ஃபில்டர்தான் எஞ்சினுக்கு நல்லது.

#15 | பழைய டீசல்

நன்றி. அப்போது எடை? என் வண்டியில் இரும்பு பம்பர், வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கயிற்று உருளை), அடித்தகடுகள், இரண்டாம் பேட்டரி, பின்னால் டிராயர் எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட 300 கிலோ ஏறியிருக்கிறது. லிஃப்ட்கூட அந்த எடையைத் தாங்கத்தான் போட்டேன். சக்கரத்தில் ஏறும் ஒரு கிலோ பாடியில் ஏறும் பத்து கிலோவுக்குச் சமம் என்றும் சொல்கிறார்கள்.

#16 | கணக்குப்பிள்ளை

பத்து கிலோ என்பது கட்டுக்கதை, அதை முதலில் தூக்கிப் போடுங்கள். சக்கரம் நகரவும் வேண்டும், சுழலவும் வேண்டும். எடை முழுவதும் வெளிவிளிம்பில் இருந்தால்கூட, வேகம் எடுக்கும்போது ஒரு கிலோ இரண்டு கிலோ போல நடந்துகொள்ளும். அதற்கு மேல் போக இயற்பியல் விடாது. நிலையான வேகத்தில் அந்தக் கூடுதலும் இல்லை. டயருக்கு 7 கிலோ கூடினால் நான்குக்கு 28, வேகம் எடுக்கையில் 50 கிலோ சொச்சம் போல. நின்று நின்று போகும் நகர ஓட்டத்தில் தெரியும், நெடுஞ்சாலையில் தெரியாது.

300 கிலோ வேறு விஷயம். சுமார் 45 கிலோவுக்கு ஒரு சதவீதம் என்பது அதே எரிசக்தித் துறைத் தளத்தின் எண். வண்டி கனமாக இருந்தால் அந்தச் சதவீதம் கொஞ்சம் குறையும். உங்களுக்கு 5 சதவீதம் போல இருக்கலாம். மலையேற்றத்தில் இன்னும் கூடும், ஏனென்றால் ஏற்றிய எடையை எஞ்சின்தான் தூக்கியாக வேண்டும், இறக்கத்தில் அதைப் பிரேக்கில் சூடாக்கி விட்டுவிடுகிறோம்.

வின்ச்சில் இரும்புக் கயிறு இருந்தால் சிந்தெடிக்குக்கு மாற்றுங்கள். எடையும் குறையும், அறுந்தால் ஆபத்தும் குறைவு. வாரக்கணக்கில் திறக்காத டிராயரைப் பற்றி நீங்களே யோசியுங்கள்.

#17 | செம்மண்

எல்லோருக்கும் பெரிய நன்றி. செய்ததைச் சொல்கிறேன்.

ஜிபிஎஸ் வைத்துப் பார்த்தேன். மீட்டரில் 100 காட்டும்போது உண்மை வேகம் 102. 1.073ஆல் வகுத்தால் 95. அதாவது பழைய டயரில் மீட்டர் 100 என்று நான் ஓட்டிக்கொண்டிருந்தது உண்மையில் 95தான்.

#18 | மலைப்பாதை

அது இயல்புதான். ஐ.நா.வின் 39ஆம் எண் ஒழுங்குமுறைப்படி ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்துக்குக் கீழே காட்டவே கூடாது, மேலே கொஞ்சம் காட்டலாம். அதனால் கம்பெனியிலேயே கூட்டிக் காட்டும்படி வைத்துவிடுவார்கள். பெரிய டயர் போட்டால் அந்தக் கூடுதல் கரைந்து, உங்கள் வண்டியில் இப்போது குறைத்தே காட்டுகிறது. வேகக் கட்டுப்பாடு உள்ள சாலையில் கவனமாக இருங்கள். மேலே சொல்லுங்கள்.

#19 | செம்மண்

இனிமேல் ஜிபிஎஸ் 95இல் மட்டும் ஓட்டுவது, தூரத்தையும் ஜிபிஎஸ்ஸிலிருந்தே எடுப்பது என்று வைத்துக்கொண்டேன். லிஃப்ட், டயர், கேரியர் எல்லாம் இருந்தபடியே 11.3 வந்தது. வேகத்தைப் பழைய உண்மை வேகத்துக்குக் கொண்டுவந்ததில் மட்டும் 10.7இலிருந்து 11.3.

பிறகு கேரியரையும் பாரையும் கழற்றினேன். விசில் நின்றது. 11.8.

பட்டறைக்காரன் அண்ணன் சொன்னபடி டயரைத் தடவிப் பார்த்தேன். வலது முன்டயரில் லேசாக ரம்பம் இருந்தது. அலைன்மென்ட் பார்த்து டோவைச் சரிசெய்தாயிற்று. மைலேஜில் அதனால் வேறுபாடு இன்னும் தெரியவில்லை, ஆனால் ஸ்டியரிங் நேராக நிற்கிறது.

ஆக 12.5க்கும் 11.8க்கும் நடுவே மிஞ்சுவது 6 சதவீதத்துக்கும் கீழே. அதில்தான் லிஃப்டும் ஆல் டெரெய்ன் டயரும் பங்கு போட்டுக்கொள்கின்றன. லிஃப்ட் இருக்கட்டும். கேரியரை மட்டும் சாமான் ஏற்றும் பயணத்துக்கு மாட்டிக்கொள்கிறேன்.

#20 | டயர் பித்தன்

மகிழ்ச்சி. லிஃப்ட் மேல் நான் போட்ட பழியில் பெரும்பகுதி என் செல்லமான டயர் மேல் வந்து விழுந்துவிட்டது, கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

ஒரு கேள்வி. இப்படி டயர் பெரிதானால் கிரவுன் பினியன் (ஆக்ஸிலுக்குள் இருக்கும் கடைசி கியர் ஜோடி) மாற்ற வேண்டுமா? மாற்றினால் மைலேஜ் திரும்பி வருமா?

#21 | பட்டறைக்காரன்

செம்மண் வண்டிக்கு வேண்டாம். டீசல், கீழ் ஆர்பிஎம்மிலேயே டார்க் (சுழற்று விசை) இருக்கிறது. 7 சதவீதம் நீண்ட கியர் போல நடந்துகொள்ளும், டாப் கியரில் சமாளிக்கும். ஏற்றத்தில் ஒரு கியர் முன்னதாகவே இறக்கினால் போதும்.

சின்ன பெட்ரோல் எஞ்சினில், அதிலும் ஆட்டோமேட்டிக்கில் பிரச்சினை வரும். டாப் கியரைப் பிடிக்க முடியாமல் மேலும் கீழும் மாறிக்கொண்டே இருக்கும், டார்க் கன்வர்ட்டர் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைப்பது) லாக் ஆகாமல் நழுவிக்கொண்டே ஓடும். அங்கே கிரவுன் பினியன் மாற்றினால் ஓட்டம் சரியாகும், மைலேஜும் கொஞ்சம் திரும்பும். கணக்கு எளிது. பழைய விகிதத்தை டயர் விகிதத்தால் பெருக்க வேண்டும். உதாரணத்துக்கு 3.73ஐ 1.073ஆல் பெருக்கினால் 4.00. அதற்கு அருகில் கிடைப்பதைப் போடுவார்கள்.

மறக்கக்கூடாதது: 4×4இல் முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருக்க வேண்டும். பின்னால் மட்டும் மாற்றி, 4×4 போட்டு இறுகிய தரையில் ஓட்டினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி) உடைந்து கைக்கு வரும். மைலேஜுக்காக மட்டும் இந்த வேலையில் இறங்காதீர்கள், போட்ட காசு டீசலில் திரும்பி வர வெகுகாலம் ஆகும்.

#22 | கணக்குப்பிள்ளை

கூடவே: கிரவுன் பினியன் மாற்றினால் ஸ்பீடோமீட்டர் என்ன ஆகும் என்பது வேக சென்சார் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இருந்தால் புது விகிதம் டயரின் பிழையைப் பெருமளவு சரிக்கட்டும். ஏபிஎஸ் சக்கர சென்சாரிலிருந்து எடுத்தால் டயர் விட்டம் மட்டுமே கணக்கு, ஈசியுவில் (வண்டியின் கம்ப்யூட்டர்) டயர் அளவை மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

#23 | புதுவரவு

இழை முழுவதும் படித்தேன், நிறையத் தெரிந்துகொண்டேன். என்னுடையது ஜிம்னி, 1.5 பெட்ரோல், 195/80 ஆர்15. 40 மில்லிமீட்டர் லிஃப்டும் 235/75 ஆர்15 மட் டயரும் போடலாம் என்று இருக்கிறேன். வாரநாளில் அலுவலகம் போவதும் இதே வண்டியில்தான். மைலேஜ் எவ்வளவு அடி வாங்கும்?

#24 | மலைப்பாதை

தம்பி, உங்கள் கம்பெனி டயர் விட்டம் 693 மில்லிமீட்டர். 235/75 ஆர்15 சுமார் 733, ஏற்றம் 5.8 சதவீதம். எஞ்சின் 130 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் கொடுக்கிறது, அதுவும் மேல் ஆர்பிஎம்மில். இந்த எஞ்சினுக்கு மட் டயரின் எடையும் உருளும் எதிர்ப்பும் சேர்ந்தால் ஐந்தாம் கியர் சமவெளியில்கூடத் திணறும். நான்காவதில் ஓட்டிக்கொண்டே இருந்தால் மைலேஜ் எங்கிருந்து வரும்?

வாரநாளில் அலுவலகம் என்கிறீர்கள். அப்படியானால் 215/75 ஆர்15 ஆல் டெரெய்னைப் பாருங்கள். விட்டம் சுமார் 703, ஏற்றம் 1.5 சதவீதம்தான். ஓடோமீட்டர் பிழையும் அவ்வளவே. லிஃப்ட் இல்லாமலே பெரும்பாலும் உரசாமல் நிற்கும். இதைப் போட்டு உங்கள் வழிகளில் ஓட்டிப் பாருங்கள். வயிறு தட்டுகிறது என்றால் அப்போது லிஃப்டைத் தனியாகப் போடலாம்.

எதை மாட்டுவதற்கும் முன்னால், இப்போதைய நிலையில் ஜிபிஎஸ் தூரத்தோடு சில டேங்க் கணக்கு எழுதி வைத்துவிடுங்கள். ஒரே பம்ப், வண்டி ஒரே திசையில் நிற்கட்டும், நாசில் முதல் தடவை தானாக நின்றதும் நிறுத்துங்கள். டேங்க் பாதிக்குக் கீழே இறங்கிய பிறகு நிரப்புங்கள். 20 லிட்டரில் ஒரு லிட்டர் முன்பின் ஆனாலே 5 சதவீதம் பிழை, நீங்கள் அளக்க நினைக்கும் வேறுபாடு அதற்குள் மறைந்துவிடும். லிஃப்ட் போட்ட பிறகு வண்டியின் சாய்வு மாறியிருந்தால் டேங்க் நிரம்பும் மட்டமும் கொஞ்சம் மாறும், அதனால் முதல் நிரப்பலைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.